சைடு கொடுத்துவிட்டு இடித்தது: பார்சிலோனா 2025

2025 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது, மே 24ஆம் தேதியே கேரளத்தில் பருவமழை தொடங்கியாயிற்று என்று அறிவித்துவிட்டார்கள். அதனால் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் டயர் கடைப் பக்கம் வண்டியே வரவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஓடாத கம்ப்ரெசர் மேல் ஒரு மொபைலைச் சாய்த்து வைத்து, ஐந்தாறு பேர் ஃபார்முலா ஒன் கார் ரேஸில் ஸ்பானிஷ் கிராண்ட் பிரி பார்த்துக்கொண்டிருந்தோம். நம்ம ஊர் நேரத்துக்கு மாலை ஆறரைக்கு ஆரம்பம், மொத்தம் 66 சுற்று. 64ஆவது சுற்று வரைக்கும் கடையில் இரைச்சல்தான். அங்கே ஐந்தாம் வளைவில் ரெட் புல் டீமின் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் வேகத்தைக் குறைத்தார், மெர்சிடீஸின் ஜார்ஜ் ரஸ்ஸல் வெளிப்பக்கமாக முன்னே போனார், உடனே வெர்ஸ்டாப்பன் மறுபடி ஆக்ஸிலேட்டரை மிதித்து ரஸ்ஸல் வண்டியின் பக்கவாட்டில் இடித்தார்.

கடையில் எங்களோடு இருந்தவர் பாலக்காடு–பொள்ளாச்சி லைனில் முப்பது வருஷத்துக்கும் மேலே தனியார் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், எல்லாருக்கும் அவர் டிரைவர் மாமாதான். எஃப் ஒன்னில் யார் எந்த டீம் என்றுகூட அவருக்குச் சரியாகத் தெரியாது. எழுந்து நின்றுவிட்டார்.

"சைடு குடுத்துட்டு அணைக்கறான் பாரு கண்ணு. சைடே குடுக்காதவனைக்கூட மன்னிச்சரலாம். இவனை என்ன பண்றது?"

என்ன பண்ணினார்கள் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். பண்ணினது சரியா என்பதில் எனக்கு ஒரு பஞ்சாயத்து இருக்கிறது, அதையும் சேர்த்து.

முதலில் அந்த நிலைமைக்கு எப்படி வந்தார்கள் என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த இடி திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. அன்றைக்கு மெக்லாரன் டீமின் வண்டி இரண்டும் எட்ட முடியாத வேகத்தில் இருந்தன, பியாஸ்ட்ரி முதல், நாரிஸ் இரண்டாவது. நேராகத் துரத்தினால் பிடிக்க முடியாது என்று தெரிந்த ரெட் புல், வெர்ஸ்டாப்பனை டயர் மாற்ற மூன்று தடவை பிட்டுக்குள் கூப்பிடும் திட்டத்தில் ஓட்டியது. நல்ல திட்டம்தான், மூன்றாம் இடத்தில் பத்திரமாக ஓடிக்கொண்டிருந்தார். 55ஆம் சுற்றை ஒட்டி மெர்சிடீஸின் ஆன்டோனெல்லி வண்டி எஞ்சின் போய் நின்றுவிட, எல்லாரையும் மெதுவாகத் தன் பின்னால் வரவைக்கிற சேஃப்டி கார் வந்தது. முன்னால் ஓடியவர்கள் எல்லாரும் பிட்டுக்குள் ஓடி, சட்டென்று பிடிக்கிற சாஃப்ட் டயர் மாட்டிக்கொண்டார்கள், பழசானாலும் சாஃப்ட். மூன்று ஸ்டாப்பிலேயே நல்ல டயரெல்லாம் செலவாகிவிட்ட வெர்ஸ்டாப்பனுக்குப் புதுசாக மிச்சமிருந்தது ஹார்டு டயர் ஒரு செட் மட்டும்தான். அதை மாட்டிவிட்டார்கள். மாட்டாமல் பழைய சாஃப்டிலேயே வெளியே விட்டிருக்கலாமே என்று இப்போது உட்கார்ந்து சொல்லலாம், அந்த நொடியில் சுவரோரம் உட்கார்ந்து முடிவெடுக்கிறவனுக்கு அது தெரியாது.

டயர் கடையில் உட்கார்ந்து இதைப் பார்க்கும்போது ஒரு வசதி, ஹார்டு டயர் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கெட்டி ரப்பர் சூடேற நேரம் பிடிக்கும், சூடேறும் வரை தார் பிடிக்காது, சோப்பு மேல் நடக்கிற மாதிரிதான். சேஃப்டி கார் பின்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தால் எங்கே சூடேறும்? 61ஆம் சுற்றில் மறுபடி ரேஸ் ஆரம்பித்ததும் கடைசி வளைவில் வெளியே வரும்போதே வெர்ஸ்டாப்பனின் பின்பக்கம் ஒரு தடவை பெரிதாக ஆடியது, பிடித்து நிறுத்தியதே பெரிய விஷயம். அந்தத் தடுமாற்றத்தில் நேர்பாதையில் லெக்லெர்க் லேசாக உரசிக்கொண்டே தாண்டிப் போனார், முதல் வளைவில் ரஸ்ஸல் உள்பக்கமாகப் புகுந்தார், இடித்துக்கொண்டார்கள், வெர்ஸ்டாப்பன் பாதையை விட்டு வெளியே போய் ரஸ்ஸலுக்கு முன்னாலேயே திரும்பி உள்ளே வந்தார்.

வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பாதைக்கு வெளியே போய் அதனால் லாபம் அடைந்தால் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் தண்டனை. ஆனால் எதிராளி தள்ளித்தான் வெளியே போனார் என்றால் அது லாபமே இல்லை. யாருக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதற்கு ரேஸை நிர்வகிக்கிற உலக அமைப்பான எஃப்.ஐ.ஏ. ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. உள்பக்கமாகச் சைடு வாங்குகிறவருடைய முன் அச்சு, வளைவின் உள்முனைக்குள் எதிராளியின் கண்ணாடிக்கு இணையாகவாவது வந்திருக்க வேண்டும், வந்துவிட்டால் அவருக்கு இடம் விட்டாக வேண்டும், கூடவே அவர் வண்டியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கவும் வேண்டும். வெளிப்பக்கமாக என்றால் கணக்கு இன்னும் கடினம், முன் அச்சு எதிராளியின் முன் அச்சையே தாண்டியிருக்க வேண்டும். பஸ் டிரைவரிடம் போய் முன் அச்சு கண்ணாடிக்கு நேராக வந்துச்சா என்று கேட்டால் சிரிப்பார், ஆனாலும் அவர் மனசில் இருக்கிற கணக்கும் ஏறக்குறைய அதுவேதான். "அவன் மூக்கு என் கண்ணாடியில வந்துருச்சுன்னா அப்புறம் ரோடு அவனுக்கும் சேர்த்துத்தான்" என்று மாமாவே ஒரு நாள் சொல்லியிருக்கிறார்.

அன்று முதல் வளைவில் அந்தக் கணக்கு யார் பக்கம் என்று உடனே சொல்ல முடியாத நிலை. ரெட் புல் பயந்தது. தண்டனை வந்துவிடும் என்று நினைத்து ரேடியோவில் அவருடைய எஞ்சினியர் இடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். வெர்ஸ்டாப்பன் வாக்குவாதம் பண்ணினார், தன்னை இடித்தவனுக்குத் தானே இடம் விடுவதா என்று. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பிறகு ரேஸ் நடுவர்களான ஸ்டீவர்டுகள் அந்த முதல் வளைவு மோதலை எடுத்துப் பார்த்து நடவடிக்கை எதுவும் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். லெக்லெர்க் உரசினதற்கும் அப்படியே. ஆக, கொடுக்க வேண்டிய அவசியமே இல்லாத இடத்தைக் கொடுக்கச் சொல்லி, அந்த ஆத்திரத்தில்தான் இந்த விவகாரமே நடந்தது.

ஆத்திரம் நியாயமானது என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு நடந்ததை நியாயப்படுத்த எனக்குத் தெரியவில்லை. ஸ்டீவர்டுகளின் தீர்ப்பில் இருப்பதைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: ஐந்தாம் வளைவை நெருங்கும்போது வெர்ஸ்டாப்பன் வேகத்தை நன்றாகக் குறைத்தார், ரஸ்ஸலைப் போகவிடுவது போலவே தெரிந்தது, ரஸ்ஸல் முன்னே வந்த பிறகு திடீரென்று வேகமெடுத்து மோதினார், மோதலுக்குச் சந்தேகமில்லாமல் அவர்தான் காரணம். தண்டனை 10 விநாடி, லைசென்ஸில் 3 அபராதப் புள்ளி. அதன் பிறகு ரஸ்ஸலைத் தாண்டிப் போகவும் விட்டுவிட்டார், அதுதான் இன்னும் வேடிக்கை.

இடித்தது கடையில் யாருக்கும் புதுசில்லை. கொழிஞ்சாம்பாறை–பாலக்காடு ரோட்டில் இரண்டு தனியார் பஸ்ஸுக்கு நடுவே நேர இடைவெளி ரொம்பக் கம்மி, முன்னால் போகிறவன் ஆள் ஏற்ற நின்றால் பின்னால் வருகிறவன் அவன் கலெக்‌ஷனைத் தூக்கிவிடுவான். அதனால் பஸ் ஸ்டாப்பில் ஒருவரை ஒருவர் மறிப்பதும் கட் அடிப்பதும் தினசரி நடப்பு. எனக்கே ஒரு தடவை ஆகியிருக்கிறது, எந்த வண்டி என்று சொல்லப்போவதில்லை. பைக்கில் பின்னால் வந்துகொண்டிருந்தேன், முன்னால் போன பஸ் வலது கையை ஆட்டி "போ" என்று காட்டியது, நான் ஏறினேன், பாதி தூரம் போகும்போது அது மறுபடி வேகமெடுத்து வலப்பக்கம் சாய்ந்தது. எதிரே தேங்காய் ஏற்றின டெம்போ. மண்ணில் இறக்கினேன், முட்டி பெயர்ந்தது, அவ்வளவோடு போயிற்று. அதற்கு முந்தின மாதம் வேறு ஒரு பஸ் என்னை மூன்று கிலோமீட்டர் சைடே கொடுக்காமல் இழுத்தடித்தது, அதன் மேல் எனக்குக் கோபமே இல்லை. கையாட்டியவன் மேல் இன்றைக்கும் கோபம் இருக்கிறது. சைகையை நம்பித்தான் ரோட்டில் எல்லாரும் உயிரோடு வீட்டுக்குப் போகிறோம்.

முரட்டுத்தனமாக ஓட்டுவதே பிழைப்பான தொழில் அது, அதைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ரேக்ளா பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு வண்டியாக ஓடவிட்டு 200 மீட்டரையோ 300 மீட்டரையோ எத்தனை விநாடியில் கடந்தது என்று பார்ப்பார்கள், அங்கே யாரும் யாரையும் அணைக்க முடியாது. இருபது வண்டியை ஒரே பாதையில் விட்டால் உரசத்தான் செய்யும், உரசாமல் ஓட்டு என்றால் பார்க்க எவனும் வரமாட்டான். கேள்வி எல்லாம் உரசலை எப்படி வகை பிரிப்பது என்பதில்தான்.

அந்த வகை பிரிப்பில் எனக்குக் கொஞ்சம் சொந்த அனுபவம் உண்டு. வேலந்தாவளம் தாண்டிப் போனால் கோயம்புத்தூருக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, நேஷனல் ரேசிங் நடக்கிற இடம், கரிவர்தன் பெயரில் வைத்தது. அங்கே சில சீசன்கள் பாதையோரம் நின்று கொடி காட்டும் மார்ஷலாகப் போயிருக்கிறேன். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, வெயிலும் சாப்பாட்டுப் பொட்டலமும்தான், ஆனால் வண்டி பத்தடி தூரத்தில் போகும். ஒரு தடவை என் போஸ்ட்டுக்கு நேராக எல்ஜிபி ஃபார்முலா என்கிற ரேஸ் கார் ஓட்டின ஒரு பையன், முந்தின சுற்றில் தன்னைத் தாண்டினவனைக் குறி வைத்து வந்து பின் சக்கரத்தில் அடித்தான். நான் என் கண்ணால் பார்த்தேன், பிரேக்கே போடவில்லை. மோதல் அறிக்கையில் "வேண்டுமென்றே இடித்தார்" என்று எழுதிக் கொடுத்தேன். சீனியர் மார்ஷல் வாங்கிப் படித்துவிட்டு அந்த ஒரு வார்த்தையைப் பேனாவால் அடித்துவிட்டார்.

"அவன் மனசுக்குள்ள போய்ப் பாத்துட்டு வந்தீங்களா தம்பி? வண்டி நம்பர், எந்த லேப், எந்த இடம், பிரேக் விளக்கு எரிஞ்சுதா இல்லையா, எது எது மேல பட்டுச்சு. அத எழுதுங்க. மீதிய மேல இருக்கறவங்க பாத்துக்குவாங்க."

அன்றைக்கு எரிச்சலாக இருந்தது, இப்போது அவர் சொன்னது சரி என்றே தோன்றுகிறது. மார்ஷல் பார்த்ததை எழுத வேண்டும், நினைத்ததை அல்ல. ஆனால் மேலே இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றாரே, அங்கேதான் சிக்கல். பார்சிலோனாவில் மேலே இருந்தவர்களும் மனசுக்குள் போகவில்லை. "மோதலுக்குக் காரணமானார்" என்ற பெட்டியில் போட்டார்கள். டயர் வழுக்கி ஒருவன் தப்பாகக் கணக்குப் போட்டு முதல் சுற்றில் இன்னொருவன் மேல் விழுந்தாலும் அதே பெட்டிதான், அதே 10 விநாடிதான். நோக்கம் என்று ஒன்று இருந்தது என்பது அந்தத் தாளில் ஒரே ஒரு இடத்தில்தான் லேசாகத் தெரிகிறது, 3 புள்ளி என்ற எண்ணில். இந்த மாதிரி மோதலுக்கு வழக்கமாக 2 புள்ளிதான் போடுவார்கள்.

நோக்கத்தைப் பார்க்கவே முடியாது என்று இல்லை, பார்த்திருக்கிறார்கள். 1997 ஹெரெஸில் கடைசி ரேஸ், ஷூமாக்கர் வில்நேவ் மேல் வண்டியைத் திருப்பினார், தானே வெளியே போனார், பட்டமும் போயிற்று. எஃப்.ஐ.ஏ. கூடிப் பேசி, செய்தது வேண்டுமென்றேதான், ஆனால் உள்ளுணர்வில் நடந்தது, முன்கூட்டித் திட்டமிட்டதல்ல என்று சொல்லி, அந்த வருஷ சாம்பியன்ஷிப் பட்டியலிலிருந்தே அவரை நீக்கியது. ரேஸ் முடிவுகள் மட்டும் அவர் கணக்கில் அப்படியே நின்றன. இருபது வருஷம் கழித்து, 2017 பாகு. சேஃப்டி காருக்குப் பின்னால் ஹாமில்டன் பிரேக் அடித்துத் தன்னைச் சோதித்தார் என்று நினைத்த வெட்டல், பக்கத்தில் போய்ச் சக்கரத்தோடு சக்கரம் இடித்தார். கொடுத்தது 10 விநாடி ஸ்டாப் அண்ட் கோ, 3 புள்ளி. ஸ்டாப் அண்ட் கோ என்றால் ரேஸ் நடக்கும்போதே பிட்டுக்குள் வந்து, டயர்கூட மாற்றாமல், பத்து விநாடி சும்மா நின்றுவிட்டுப் போக வேண்டும். உள்ளே வந்து போகிற நேரமும் சேர்ந்து அரை நிமிஷம் போய்விடும். என் பார்வையில் பார்சிலோனா, பாகு வகையைச் சேர்ந்தது. புள்ளி அதே 3 போட்டார்கள், விநாடியில்தான் கை நடுங்கிவிட்டது. முன்னாள் சாம்பியன் நிகோ ரோஸ்பெர்க் அன்று டிவியிலேயே, ரேஸை விட்டே வெளியேற்றுகிற கருப்புக் கொடி காட்டியிருக்க வேண்டும் என்றார், நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன்.

அப்புறம் இந்தப் பத்து விநாடி என்கிற அளவுகோலே ஒரு விசித்திரம். அதற்கு நிலையான விலை கிடையாது. 2024 ஆஸ்திரியாவில் இதே வெர்ஸ்டாப்பன் நாரிஸோடு மோதினார், இரண்டு பேருக்கும் டயர் போயிற்று, நாரிஸ் ரேஸை விட்டே வெளியேறினார், வெர்ஸ்டாப்பனுக்கு 10 விநாடி. அவர் ஐந்தாவதாக முடித்தார், பத்து விநாடி சேர்த்த பிறகும் ஐந்தாவதுதான், ஏனென்றால் ஆறாவதாக வந்தவர் அதைவிடத் தூரத்தில் இருந்தார். பார்சிலோனாவிலும் கோட்டைத் தாண்டும்போது ஐந்தாவது. ஆனால் சேஃப்டி கார் எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டின மாதிரி கொண்டுவந்து விட்டு சில சுற்றுகள்தான் ஆகியிருந்தன, அதனால் பத்து விநாடிக்குள் ஐந்து வண்டி. ஹுல்கென்பெர்க், ஹாமில்டன், ஹஜார், காஸ்லி, அலோன்ஸோ எல்லாரும் ஒவ்வொரு படி ஏறினார்கள், வெர்ஸ்டாப்பன் பத்தாவதுக்கு இறங்கினார். ஆள் அவரே, இடம் ஐந்தாவதே, தண்டனையும் அதே பத்து. ஒன்று இலவசம், இன்னொன்றுக்கு 9 சாம்பியன்ஷிப் புள்ளி. குற்றத்தின் கனம் எங்கேயும் கணக்கில் வரவில்லை, பின்னால் வருகிறவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்பதே அபராதத் தொகையை முடிவு பண்ணியிருக்கிறது. நம்ம ஊரில் ஹெல்மெட் போடாததற்கு ஃபைன், ஆனால் தொகை பின்னால் எத்தனை வண்டி நிற்கிறது என்பதைப் பொறுத்தது என்று சொன்னால் எப்படி இருக்கும்?

விலை முன்கூட்டியே தெரிந்தால் அதை வாங்கவும் செய்வார்கள். 2024 ஜெட்டாவில் ஹாஸ் டீமின் கெவின் மாக்னுசன் இரண்டு 10 விநாடித் தண்டனை வாங்கினார், ஆல்பனை இடித்ததற்கு ஒன்று, பாதைக்கு வெளியே போய் சுனோடாவைத் தாண்டினதற்கு இன்னொன்று. மொத்தம் இருபது, இனி அவர் ரேஸ் எப்படியும் வீண். சரி, வீணான ரேஸை டீமுக்குப் பயன்படுத்துவோம் என்று பின்னால் வந்த கூட்டத்தை வேண்டுமென்றே மெதுவாக இழுத்துக்கொண்டு போனார், அந்த இடைவெளியில் டீம் கூட்டாளி ஹுல்கென்பெர்க் பிட் முடித்து வந்து பத்தாம் இடத்தில் ஒரு புள்ளி எடுத்தார். அபராதம் கட்டிவிட்டு நோ பார்க்கிங்கில் கடை போடுகிற மாதிரி. 2021 சில்வர்ஸ்டோனில் ஹாமில்டன் முதல் சுற்றில் வெர்ஸ்டாப்பனோடு மோதி, வெர்ஸ்டாப்பன் தடுப்பில் 51ஜி வேகக் குறைப்பில் போய் அடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார், ஹாமில்டனுக்கு 10 விநாடி, அதையும் கழித்துவிட்டு அந்த ரேஸை அவரே ஜெயித்தார். அதில் வேண்டுமென்றே என்று நான் சொல்லமாட்டேன், இருந்தாலும் பத்து விநாடியின் மதிப்பு அன்றைக்கு என்ன என்று பாருங்கள்.

கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரனாக இருந்துகொண்டு இந்தியாவின் முதல் எஃப் ஒன் டிரைவரான நரேன் கார்த்திகேயனைச் சொல்லாமல் தாண்டினால் சாப்பாடு இறங்காது. 2012 மலேசியா, நான்காவதாக ஓடிக்கொண்டிருந்த வெட்டல் ஒரு சுற்று பின்தங்கியிருந்த நரேனைத் தாண்டும்போது உரசிக்கொண்டு டயர் கிழிந்து பதினொன்றாவதாக முடித்தார். நரேனுக்கு ரேஸ் முடிந்த பிறகு 20 விநாடி சேர்த்தார்கள். கடைசி வரிசையில் ஓடுகிறவனுக்கு இருபது விநாடி என்ன, இரண்டு நிமிஷம் சேர்த்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் கோபத்தில் வெட்டல் அவரை வெள்ளரிக்காய் என்று திட்டினதுதான் உலகம் முழுக்கப் போயிற்று, எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் வெள்ளரிக்காய் வாங்கும்போது அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய டீம் டிரைவர் உரசினால் ரேஸ் சம்பவம், சின்ன டீம் டிரைவர் உரசினால் காய்கறி. இது என் மனத்தாங்கல், வழக்குக்குச் சம்பந்தமில்லை.

விநாடியின் மதிப்பு ஏறி இறங்கும் என்று தெரிந்துதான் 2014இல் லைசென்ஸ் புள்ளி முறையைக் கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு தப்புக்கும் ஒன்றோ இரண்டோ மூன்றோ புள்ளி, அது 12 மாதம் உங்கள் கணக்கில் இருக்கும், 12 சேர்ந்தால் ஒரு ரேஸ் உட்கார வேண்டும். முதன்முதலாக அந்தப் பன்னிரண்டைத் தொட்டவர் யாரென்று நினைக்கிறீர்கள், ஜெட்டாவில் அபராதத்தை விலைக்கு வாங்கினாரே அதே மாக்னுசன்தான். 2024 மோன்ஸாவில் காஸ்லியோடு லேசாக உரசினதற்கு வந்த 2 புள்ளியில் கணக்கு நிறைந்தது, அடுத்து பாகுவில் அவருக்குப் பதிலாக இளைஞர் பேர்மன் ஓட்டினார். உரசல் வாங்கின காஸ்லிக்கே அந்தத் தண்டனை அதிகம் என்று பட்டது. கடைசி வைக்கோல் மட்டும் சின்னது, மீதிப் பாரத்தை அவரே ஏற்றிவைத்திருந்தார்.

வெர்ஸ்டாப்பன் கணக்கில் பார்சிலோனாவுக்கு முன் 8 இருந்தது, அதோடு 11 ஆயிற்று. இன்னும் ஒரே ஒரு புள்ளி விழுந்திருந்தால் நான்கு முறை சாம்பியன் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்திருக்க வேண்டும். அதில் 2 புள்ளி அந்த 2024 ஆஸ்திரியா மோதலில் வந்தது, அது 2025 ஜூன் 30ஆம் தேதி காலாவதியாக இருந்தது. நடுவே கனடா, ஆஸ்திரியா என்று இரண்டு ரேஸ். மறுநாளே அவர் இன்ஸ்டாகிராமில், செய்தது சரியில்லை, நடந்திருக்கக் கூடாது என்று எழுதினார். எனக்கு அதைவிட ஜூன் 15 மாண்ட்ரியால்தான் சுவாரசியம். தகுதிச் சுற்று முடிந்து பார்த்தால் முதல் இடத்தில் ரஸ்ஸல், பக்கத்திலேயே இரண்டாவதாக வெர்ஸ்டாப்பன்! எங்கள் கடையில் அன்றைக்குக் கூட்டம் இன்னும் இரண்டு மடங்கு, இடிப்பானா மாட்டானா என்று டீ பந்தயம். இடிக்கவில்லை. ரஸ்ஸல் முதல், வெர்ஸ்டாப்பன் இரண்டாவது, ரெண்டு பேருக்கும் நடுவே ஒரு கீறல் இல்லை. (அதற்குப் பதில் நாரிஸ் தன் சொந்த டீம் வண்டியான பியாஸ்ட்ரி பின்னால் போய் இடித்து வெளியேறினார், அதை யாரும் பந்தயத்தில் எதிர்பார்க்கவில்லை.) சேஃப்டி கார் பின்னால் ரஸ்ஸல் தாறுமாறாக பிரேக் அடித்தார் என்று ரெட் புல் புகார் கொடுத்தது, தள்ளுபடியாகிவிட்டது. ஆக இந்தப் புள்ளி முறை, பத்து விநாடியால் செய்ய முடியாததைச் செய்திருக்கிறது. ஒரு மனுஷன் வளைவுக்குள் நுழையும்போது காலை யோசித்து வைக்கும்படி பண்ணியிருக்கிறது. அடுத்து ஜூன் 29 ஆஸ்திரியாவில் முதல் சுற்றிலேயே ஆன்டோனெல்லி வந்து இடித்து வெர்ஸ்டாப்பன் ரேஸ் முடிந்தது, தப்பு ஆன்டோனெல்லியுடையது, அவருக்கு அடுத்த ரேஸில் மூன்று இடம் பின்னால் தள்ளிப் போட்டார்கள். மறுநாள் இரண்டு புள்ளி கழிந்தது.

இனி எல்லாரும் கேட்கிற கேள்வி. டிசம்பர் 7, அபுதாபி, சீசன் முடிந்தபோது நாரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421. இரண்டே சாம்பியன்ஷிப் புள்ளி வித்தியாசம். பார்சிலோனாவில் ஐந்தாவதுக்கு 10 புள்ளி வந்திருக்கும், பத்தாவதுக்கு 1 வந்தது. அந்த ஒன்பது இருந்திருந்தால் 430, ஐந்தாவது பட்டம். கூட்டல் கழித்தலில் தப்பே இல்லை, ஆனால் நான் இந்தக் கணக்கை முழுசாக ஒத்துக்கொள்ளமாட்டேன். நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட் ரேஸ் முடிந்தபோது அதே மனுஷன் பியாஸ்ட்ரியைவிட 104 புள்ளி பின்னால் இருந்தார், பட்டம் என்ற பேச்சே கிடையாது. நாரிஸுக்கு அங்கேதான் வண்டி பழுதாகி நின்றது. லாஸ் வேகஸில் மெக்லாரன் இரண்டையும் அடிப்பலகை தேய்ந்ததற்காகத் தகுதி நீக்கினார்கள், நாரிஸின் இரண்டாம் இடத்து 18 புள்ளி ஒரே ராத்திரியில் போயிற்று. இருபத்து நான்கு ரேஸில் ஒவ்வொருவருக்கும் நாலைந்து இடத்தில் இரண்டு புள்ளி கிடைத்துப் போயிருக்கிறது. ஒன்றை மட்டும் எடுத்து, இதனால்தான் என்று கை காட்டுவது சீட்டுக்கட்டில் ஒரு சீட்டைக் காட்டுவது மாதிரி.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதை டிரைவர் மாமாதான் சொன்னார். எஞ்சின் போனது, பலகை தேய்ந்தது, இன்னொருத்தன் வந்து இடித்தது, இதெல்லாம் ஓட்டுகிறவன் கையில் இல்லாதது. அபுதாபி முடிந்த ராத்திரி புள்ளிப் பட்டியலைக் காட்டினேன், கண்ணாடி போட்டுக்கொண்டு 423ஐயும் 421ஐயும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஐந்தாவது வளைவுன்னியே, அன்னைக்கு அவன் கால் எங்க இருந்துச்சு? பிரேக்லயா, ஆக்ஸிலேட்டர்லயா?"

ஆக்ஸிலேட்டரில் என்றேன். மொபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பீடி பற்ற வைக்க வெளியே போய்விட்டார்.